அறுபதைத் தாண்டியவர்களின் நெடுநடை: அடுத்த ஆண்டுத் திட்டத்தை எந்த வரிசையில் போடுவது?

சென்ற கோடையில் நான் நடக்க நினைத்தது பதினொரு நாள். நடந்தது ஆறு நாள். மோன் பிளாங்க் மலையைச் சுற்றிவரும் பாதை அது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளைத் தொட்டு ஏறக்குறைய 170 கி.மீ. போகும். எனக்கு அப்போது வயது 66. முழங்காலும் மூச்சும் நன்றாகவே ஒத்துழைத்தன. நான் வேலைகளைச் செய்த வரிசைதான் பிசகிவிட்டது.

பிப்ரவரியில் மலைக்குடில்கள் எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டினேன். கையோடு விமான டிக்கெட்டும் எடுத்தேன். மே மாதம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் என் ரத்த அழுத்த மாத்திரையை 5 மி.கிராமிலிருந்து 10 மி.கிராமாக ஏற்றினார். ஜூனில் காப்பீடு எடுக்க உட்கார்ந்தால் பாலிசியில் ஒரு வரி: பயணத்துக்கு முந்தைய 90 நாட்களில் மருந்தோ அதன் அளவோ மாறியிருந்தால், அந்த நோய் தொடர்பான எந்தச் செலவும் கிடைக்காது. ஜூலை முதல் வாரம் கிளம்ப வேண்டியவன், பயணத்தை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளினேன். அதற்குள் பாதிக் குடில்கள் நிரம்பிவிட்டன. படுக்கை கிடைத்த இடங்களுக்கு மட்டும் நடந்து, மற்றப் பகுதிகளைப் பேருந்தில் கடந்தேன். முதலில் கட்டிய முன்பணத்தில் பாதி திரும்பி வரவே இல்லை.

அடுத்த ஆண்டுக்கு நீங்கள் இப்போது திட்டம் போடுகிறீர்கள் என்றால், இந்த நஷ்டம் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதல் நான்கு படிகள் முடியும்வரை யாருக்கும் ஒரு பைசா கட்டாதீர்கள்.

1. பாதையையும் மாதத்தையும் பென்சிலால் குறியுங்கள்

ஆண்டுக்கு ஒரு பெரிய நடை, அதற்கு முன்னால் இரண்டு மூன்று சின்ன நடைகள். நம் வயதுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். பெரியது பத்து நாளோ முப்பது நாளோ, உங்கள் விருப்பம். சின்னவை இரண்டு இரவு, மூன்று இரவு போதும். அவை பெரியதற்கான ஒத்திகை.

மாதத்தை முடிவு செய்ய வேண்டியது பாதை. உங்கள் வசதியைப் பார்த்து மாதத்தைப் பிடித்துவிட்டு அதற்கேற்ற பாதை தேடினால் சிக்கல் வரும். மோன் பிளாங்க் சுற்றில் குடில்கள் பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் திறந்திருக்கும். அதிலும் ஜூனில் உயரமான கணவாய்களில் பனி கிடக்கலாம். ஸ்பெயினின் சான்டியாகோ நகருக்கு யாத்ரீகர்கள் நடந்து போகும் பாதைகளில் ஒன்றான பிரெஞ்சு வழியில், பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலைக்கு மேலே ஏறிக் கடக்கும் நெப்போலியன் பாதை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடப்பட்டிருக்கும். ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலேண்ட் வே 154 கி.மீ.தான், ஆனால் கோடை நடுவில் மிட்ஜ் என்னும் பொடிப் பூச்சி மொய்த்து எடுத்துவிடும். மே மாதம் எவ்வளவோ தேவலை.

வெயிலைத் தனியாகக் கணக்கில் எடுங்கள். வயது ஏற ஏற தாகம் தெரிவது குறைந்துபோகிறது. உடம்பில் நீர் வற்றிய பிறகும் தாகம் எடுக்காமல் இருக்கலாம். பிரெஞ்சு வழியில் வரும் மெசெட்டா என்னும் ஸ்பெயின் மேட்டுநிலம் மரநிழலே இல்லாமல் நாள்கணக்கில் நீளும். ஜூலை, ஆகஸ்டில் அங்கே போகாதீர்கள். இளையவர்கள் சமாளிப்பது வேறு கதை.

பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சில்தான் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் இந்தக் கட்டத்திலேயே விட்டுவிடலாம். எம்.ஜே. எபர்ஹார்ட் என்பவர் 2021-இல், தம் 83-ஆம் வயதில், ஏறக்குறைய 3,500 கி.மீ. நீளமுள்ள அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை நடந்து முடித்தார். அவர் வரிசையாக நடக்கவில்லை. எந்தப் பகுதிக்கு எப்போது வானிலை நன்றாக இருக்குமோ அப்போது அந்தப் பகுதியை நடந்தார். இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி என்று பிரித்துக்கொள்வதும் முழு நடைதான்.

2. உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

வழிகாட்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். நெய்ஸ்மித் கணக்கு என்று மலை நடையில் பழைய கணக்கு ஒன்று உண்டு: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், கூடவே ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். அதில் ஓய்வு சேராது, முதுகில் சுமையும் சேராது.

நான் அந்தத் தொகையோடு பாதியைக் கூட்டிக்கொள்கிறேன். ஓர் உதாரணம் பாருங்கள். பிரெஞ்சு வழியின் முதல் நாள், சான்-ழான்-பியே-தெ-போர்ட்டிலிருந்து ரொன்செஸ்வயேஸ்வரை ஏறக்குறைய 25 கி.மீ., ஏற்றம் 1,250 மீட்டர். தூரத்துக்கு 5 மணி நேரம், ஏற்றத்துக்கு 2 மணிக்குக் கொஞ்சம் மேல், ஆக 7 மணி. பாதியைக் கூட்டினால் பத்தரை. சாப்பாடு, தண்ணீர், காலுறை மாற்றுவது என்று ஒன்றரை மணி போனால் பன்னிரண்டு மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் போய்ச் சேரும்போது மாலை ஆறு. அதுவும் முதல் நாளே. இதை இரண்டு நாளாக உடைக்கலாம்: முதல் 8 கி.மீ. ஏறி வழியில் இருக்கும் குடிலில் இரவு தங்கிவிட்டு, மறுநாள் மீதியை நடப்பது. இப்படி உடைக்க வேண்டும் என்பது பாயில் உட்கார்ந்து கணக்குப் போடும்போதே தெரிய வேண்டும். மலை நடுவில் மாலை நாலு மணிக்குத் தெரிந்து பயனில்லை.

இறக்கத்தைப் பற்றி இந்தக் கணக்கு ஒன்றும் சொல்வதில்லை. நமக்கோ நேரத்தையும் முழங்காலையும் அதிகம் தின்பது இறக்கம்தான். ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டியிருந்தால் அந்த நாளின் தூரத்தைக் குறைத்துவிடுகிறேன்.

நான்கு நாள் நடந்தால் ஒரு நாள் ஓய்வு. பத்து நாள் பாதைக்கு இரண்டு ஓய்வு நாள், ஒரு மழை நாள் என்று பதின்மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணிக்கையைத்தான் விசாவிலும் காப்பீட்டிலும் டிக்கெட்டிலும் எழுதப் போகிறீர்கள், அதனால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

3. கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள்

“மலைக்குப் போகலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு ஏற்றம், எந்த உயரத்தில் தூங்கப் போகிறீர்கள், எவ்வளவு சுமை, பக்கத்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம். அந்தத் தாளைப் பார்த்ததும் என் மருத்துவரின் கேள்விகளே மாறிவிட்டன. டிரெட்மில் பரிசோதனை எடுக்கச் சொன்னதும் அதன் பிறகுதான்.

கட்டாயம் பேச வேண்டியவை சில உண்டு.

மாத்திரையில் மாற்றம் தேவைப்படுமா? தேவை என்றால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். பயணத்துக்கு முந்தைய மூன்று நான்கு மாதம் எந்த மாற்றமும் இல்லாமல் ஓட வேண்டும். என் கதை நினைவிருக்கட்டும்.

வலி மாத்திரை எதைப் போடலாம்? ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகளும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள், உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுப்ரூஃபன் போன்றவற்றைப் போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மூட்டு வலிக்கிறது என்று நடைக்காரர்கள் கைமாற்றிக்கொள்வது பெரும்பாலும் அந்த மாத்திரையைத்தான். உங்களுக்கு எது சரி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

உயரமான இடமா? 2,500 மீட்டருக்கு மேல், காற்று மெலிவதால் உயர நோய் வரலாம். அது வயது பார்த்து வருவதில்லை, தெம்பு பார்த்தும் வருவதில்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவான விதி. நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப் பாதையிலுள்ள தோரோங் கணவாய் 5,416 மீட்டர். அந்த மாதிரிப் பாதைகளில் குழுவின் கால அட்டவணை இந்த விதியை மீறினால், குழுவை மாற்றுங்கள்.

கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். இரட்டைப் பவர் (பைஃபோகல்) அல்லது புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருந்தால், கீழே பார்க்கும்போது படிப்பதற்கான பகுதி வழியாகப் பாதையைப் பார்க்கிறீர்கள். காலடி மங்கித் தெரியும், கல்லின் உயரம் பிசகும். இறக்கத்தில் நான் இரண்டு முறை தடுமாறிய பிறகுதான் காரணம் புரிந்தது. தூரப் பார்வைக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டேன். அதன் பிறகு இறக்கத்தில் கால் தானாக இடம் பார்த்து வைக்கிறது. வரைபடம் படிக்கச் சட்டைப் பையில் ஒரு படிப்புக் கண்ணாடி.

டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா என்றும் பாருங்கள். பல் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. காப்பீடு: பாலிசியின் இந்த ஆறு வரிகளைத் தேடிப் படியுங்கள்

மாத்திரை நிலையான பிறகு, முன்பதிவுக்கு முன்னால், காப்பீட்டை முடிவு செய்யுங்கள். விலை விசாரித்து, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். பயணத்தை ரத்து செய்தால் பணம் தரும் பாலிசி என்றால், முதல் முன்பணம் கட்டும் நாளிலேயே அதை எடுங்கள். எடுத்த தேதிக்குப் பிறகு நடப்பதற்குத்தான் அது பொறுப்பேற்கும்.

ஏற்கெனவே உள்ள நோய். அழுத்தம், சர்க்கரை, பழைய ஸ்டென்ட், மூட்டு மாற்று அறுவை, எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கூடும், பரவாயில்லை. மறைத்தது தெரிந்தால் சம்பந்தமில்லாத கோரிக்கையைக்கூட மறுக்க இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

நிலையாக இருந்த காலம். என்னைக் கவிழ்த்த வரி இதுதான். சில பாலிசிகளில் 90 நாள், சிலவற்றில் 180 நாள், சிலவற்றில் அப்படி ஒரு நிபந்தனையே இருக்காது. அளவைக் குறைப்பதும் மாற்றம்தான். புதிதாகப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பதைக்கூடச் சில பாலிசிகள் மாற்றமாக எடுத்துக்கொள்ளும்.

உயர வரம்பு. “ட்ரெக்கிங் உண்டு” என்று முதல் பக்கத்தில் இருக்கும். உள்ளே 3,000 மீட்டர்வரை, 4,000 மீட்டர்வரை என்று இருக்கும். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். உங்கள் பாதையின் மிக உயரமான புள்ளியைக் குறித்துவைத்துக்கொண்டு அந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

மீட்பு. தேடுதல், ஹெலிகாப்டர், ஊருக்குத் திருப்பிக் கொண்டுவருதல் இவை மூன்றும் தனித்தனி. மருத்துவச் செலவு தரும் பாலிசி தேடுதல் செலவைத் தராமல் இருக்கலாம். ஹெலிகாப்டரைக் கூப்பிடுவதற்கு முன் அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்பதையும் பாருங்கள். அந்தத் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியிலும் தாளிலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வயது. 65, 70, 75 போன்ற வயதுகளில் பிரீமியம் தாவும், சில பாலிசிகள் கதவையே மூடிவிடும். வயதைக் கணக்கிடுவது வாங்கும் நாளிலா, கிளம்பும் நாளிலா என்று கேளுங்கள். பயணத்துக்கு முந்தின வாரம் பிறந்தநாள் வருகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

நாட்கள். ஆண்டு முழுவதற்குமான பாலிசி, பல நடைகள் போகிறவர்களுக்கு மலிவாகத் தெரியும். ஆனால் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள் என்று வரம்பு இருக்கும். 35 நாள் நடைக்கு 30 நாள் வரம்புள்ள பாலிசி உதவாது.

தொலைபேசியில் கிடைக்கும் “அதெல்லாம் கவர் ஆகும் சார்” என்ற பதிலை நம்பி வைத்துவிடாதீர்கள். அதையே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்ததும் அச்செடுத்து வையுங்கள்.

5. அனுமதியும் விசாவும்

இனி பணம் கட்டும் வேலை தொடங்குகிறது.

பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். குறைவாக இருந்தால் முதல் வேலை புதுப்பிப்பது.

ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா) தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் முன்பு. அந்தக் கடைசியை மறந்துவிடுங்கள், நான்கு மாதம் முன்பே போய்விடுங்கள். கோடைக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பல நாடுகளைத் தொடும் பாதை என்றால் அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. மோன் பிளாங்க் சுற்றில் இது நிஜமான சிக்கல். எந்தக் குடில் எந்த நாட்டில் இருக்கிறது என்று இரவு இரவாக எண்ணிப் பாருங்கள். ஓய்வு நாளை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே விண்ணப்பிக்கும் இடம் மாறிவிடும். மொத்தமாக எந்த 180 நாளிலும் 90 நாள்தான் ஷெங்கன் பகுதியில் இருக்கலாம். வசந்தத்தில் ஒரு நடை, இலையுதிர் காலத்தில் ஒரு நடை என்று போகிறவர்கள் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

பாதைக்கான அனுமதி வேறு. அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் தொடர்ந்து 500 மைல், அதாவது ஏறக்குறைய 800 கி.மீ., அல்லது அதற்கு மேல் நடக்கிறவர்களுக்கு ஒரே நெடுநடை அனுமதி உண்டு. கட்டணம் கிடையாது. ஆனால் தென்முனையிலிருந்து வடக்கே கிளம்ப ஒரு நாளைக்கு 50 பேருக்குத்தான். அதற்கான பதிவு முந்தைய நவம்பரிலும், பிறகு ஜனவரியிலும் நடக்கும். அப்பலாச்சியன் பாதைக்கு மொத்தமாக ஒரே அனுமதி என்று எதுவும் இல்லை. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா, பாதையின் வடமுனையிலுள்ள பாக்ஸ்டர் பூங்கா போன்ற இடங்களில் தனித்தனியே வாங்க வேண்டும். சான்டியாகோ வழியில் வேண்டியது கிரெடென்சியல் என்னும் யாத்ரீகர் அட்டை. தங்கும் இடங்களில் அதில் முத்திரை குத்துவார்கள். முடிவில் சான்றிதழ் வேண்டுமென்றால் குறைந்தது 100 கி.மீ. நடந்திருக்க வேண்டும், நாளுக்கு இரண்டு முத்திரை இருக்க வேண்டும். மாலையில் தங்கும் இடத்தில் ஒன்று கிடைத்துவிடும். பகலில் வாங்க மறந்துவிடுவோம், அதைக் கவனியுங்கள்.

6. படுக்கை முன்பதிவு

மலைக்குடில்களுக்கான பதிவு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே திறக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு குடிலும் ஒவ்வொரு தேதியில். ஒரு தாளில் வரிசையாகக் குடிலின் பெயர், பதிவு திறக்கும் நாள், முன்பணம், எந்தத் தேதிவரை ரத்து செய்தால் பணம் திரும்பும் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள். அந்த நான்காவது கட்டம்தான் என்னிடம் இல்லாமல் போனது.

கிடைக்க மிகவும் கஷ்டமான குடிலை முதலில் பிடியுங்கள். அந்தத் தேதியை வைத்து முன்னும் பின்னும் மற்றவற்றை நகர்த்துவது எளிது. முதல் இரவிலிருந்து வரிசையாகப் பதிந்துகொண்டே போனால் ஏழாம் இரவில் மாட்டிக்கொள்வீர்கள்.

பதியும்போது கீழ்ப்படுக்கை கேளுங்கள். இரவில் இரண்டு முறை எழுந்திருக்கிற நமக்கு ஏணியில் இறங்குவது ஆபத்து. பெரும்பாலான குடில்களில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அந்த இடம் கழிப்பறையிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் கேட்கத் தயங்காதீர்கள்.

சான்டியாகோ வழியின் பொது விடுதிகள் பலவற்றில் முன்பதிவே கிடையாது. முதலில் வருகிறவருக்குப் படுக்கை. மெதுவாக நடக்கிற நமக்கு இது பாதகம்தான். அதனால் தனியார் விடுதிகளில் இரண்டு மூன்று நாள் முன்னதாகப் பதிந்துகொண்டே போவது நிம்மதி.

7. செலவு

விலைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் பங்குகளாகச் சொல்கிறேன். என் கணக்கு நோட்டின்படி, போக்குவரத்து மூன்றில் ஒரு பங்கு. தங்கலும் சாப்பாடும் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. காப்பீடு எட்டில் ஒரு பங்கு. மிச்சம் விசா, அனுமதி, காலணி, மருந்து. இளைய நண்பர்களின் கணக்கில் காப்பீடு இதில் பாதிகூட இல்லை.

ஆரம்பத்தில் நான் எழுதவே மறந்த செலவுகளும் உண்டு. ஓய்வு நாளுக்கும் அறை வாடகை உண்டு. தனியாகப் போகிறவருக்கு ஒற்றை அறைக்கான கூடுதல் கட்டணம் உண்டு. அப்புறம் மூட்டை கொண்டுபோகும் சேவை. சான்டியாகோ வழி, வெஸ்ட் ஹைலேண்ட் வே போன்ற பாதைகளில் உங்கள் பெரிய பையை அடுத்த விடுதிக்கு வண்டியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம். முழங்காலுக்கு அது செய்யும் உதவியைப் பார்க்கும்போது, வேறெதில் குறைத்தாவது இதற்கு ஒதுக்கலாம்.

மலைக்குடில்களில் கார்டு வேலை செய்யும் என்று நம்பி மேலே ஏறாதீர்கள். நான்கு இரவுக்கான ரொக்கம் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். மொத்தத் தொகையில் பதினைந்து சதவீதத்தைத் தனியாக எடுத்துவைத்துத் திரும்பும் பணம் என்று பெயர் வையுங்கள். நடுவில் கால் பிசகி டாக்ஸி பிடிக்க வேண்டி வந்தாலோ டிக்கெட் தேதியை மாற்ற வேண்டி வந்தாலோ அதிலிருந்து எடுங்கள். அந்தப் பணம் இருந்ததால்தான் சென்ற ஆண்டு பயணத்தைப் பாதியில் கைவிடாமல் பேருந்து ஏறியாவது தொடர முடிந்தது.

8. மருந்துப் பை

நடை நாட்களோடு ஏழு நாள் கூடுதலாக மருந்து. அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளில். விமானத்தில் இரண்டுமே கைப்பையில். மாத்திரைகளை அதனதன் அட்டையோடு வையுங்கள், டப்பாவில் கொட்டாதீர்கள். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்க வேண்டும். வேற்று நாட்டு மருந்துக்கடையில் பொதுப்பெயர்தான் புரியும்.

உங்கள் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது அங்கே தடை செய்யப்பட்டிருக்கலாம். ஜலதோஷ மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. குமானோ கோடோ என்னும் ஜப்பானிய யாத்திரைப் பாதையில் நடக்கப் போகிறவர்கள் இதைப் பார்த்துவிடுங்கள். வலிக்கும் தூக்கத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளை எந்த நாடானாலும் முன்கூட்டியே சரிபாருங்கள். இன்சுலின் உறைந்துபோனால் பயன்படாது. குளிர் இரவுகளில் அதை உங்களோடு போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

9. பயிற்சியும் மூட்டையும்

நான்கு மாதம் போதும், ஆனால் நான்கு மாதமும் வேண்டும். சமதளத்தில் மட்டும் நடந்து பழகினால் மலை இறக்கத்துக்குத் தொடை தயாராகாது. மாடிப்படி இருக்கும் இடமாகப் பார்த்து, பையில் தண்ணீர் புட்டிகளை நிரப்பிக்கொண்டு, இறங்கிப் பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முக்கியம். வாரத்துக்கு இரண்டு நாள் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வலுப்பயிற்சி. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு கை சுவரருகே. கடைசி மாதத்தில் இரண்டு நாள் தொடர்ந்து முழுச் சுமையோடு நடங்கள். முதல் நாள் எல்லோருக்கும் முடியும். மறுநாள் காலையில் உடம்பு என்ன சொல்கிறது என்பதுதான் உங்களுக்குத் தேவையான தகவல்.

காலணியை மாலையில், கால் வீங்கியிருக்கும்போது, நடைக்குப் போடும் காலுறையோடு போய் வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்காதபடி அரை அளவு பெரிதாக. இரண்டு நடைக்கோல்களும் கட்டாயம். பையின் எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் நிற்கட்டும். விமானத்தில் கோல்களைப் பதிவு மூட்டையில் போடுங்கள், பவர் பேங்க் கைப்பையில்தான் (100 வாட்-மணிக்குள்). கேஸ் குப்பி எதிலுமே போகாது, போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்குங்கள்.

10. வீட்டில் விட்டுப்போகும் தாள்

ஒரே பக்கம். ஒவ்வோர் இரவும் எங்கே, அந்த இடத்தின் எண் என்ன. காப்பீட்டு எண், பாஸ்போர்ட் நகல், மருந்துப் பட்டியல், ரத்த வகை, ஒவ்வாமை. எத்தனை மணிக்குச் செய்தி அனுப்புவீர்கள். எத்தனை மணி நேரம் செய்தி வராவிட்டால் முதலில் குடிலைக் கூப்பிட வேண்டும், எப்போது மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும். இந்தக் கடைசி இரண்டு எண்களை எழுதாமல் போனால் வீட்டில் இருப்பவர்கள் ஒன்று தேவையில்லாமல் பதறுவார்கள், இல்லையென்றால் பதற வேண்டிய நேரத்தில் “சிக்னல் இருக்காது” என்று காத்திருப்பார்கள்.

சிக்னல் இல்லாத பாதை என்றால் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். அதற்குச் சந்தா இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். ஐரோப்பாவில் அவசர எண் 112. கருவி எதுவும் இல்லாத நிலையில் மலையில் உதவி கேட்கும் பொதுச் சைகை, விசிலோ விளக்கோ, ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை. பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள்.

நடையை முடித்துத் திரும்பி வந்த அன்றே, பையைப் பிரிக்கும்போது, பயன்படுத்தாத பொருட்களை ஒரு பக்கமாக வைத்துப் பட்டியல் எழுதுங்கள். நான் எழுதிய பட்டியலில் பதினான்கு பொருட்கள், ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ. அதே தாளின் பின்பக்கத்தில் நடக்காமல் விட்ட ஐந்து நாள் பகுதியையும் அந்தக் குடில்களின் பதிவு திறக்கும் தேதிகளையும் குறித்து வைத்திருக்கிறேன். மருத்துவரைப் பார்க்கும் தேதி அதற்கெல்லாம் மேலே, முதல் வரியில் இருக்கிறது.